எட்டுக் காலும் உதிராமல்

பதுளையில் வெயில் நன்றாக அடிக்கிறது. அப்புத்தளைப் பக்கம் நாங்கள் துவைத்த துணியில் மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. இங்கே காலையில் அலசிக் கொடியில் போட்டால் மத்தியானம் மடித்துவிடலாம். ஜெயிலில் இருந்துகொண்டு துணியைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள், வைரவநாதன் ஐயா. நீங்கள் கோர்ட்டில் எழுதுகிறவர். கேட்டீர்கள், சொல்கிறேன். மாற்றாமல் எழுதிக்கொண்டால் போதும்.

என் பெயர் கருப்பம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வயது முப்பத்துநாலு இருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். மகள் பாக்கியலெட்சுமிக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இருப்பது சர்க்கார் அடைத்துவைத்த காடு. அங்கே விறகு பொறுக்கினாலும் பிடித்துக்கொண்டு போவார்கள். போன ஆடி மாதம் ஒரு துரை வந்தார். அந்தக் காட்டில் எத்தனை வகை நெட்டைக்காலிப் பூச்சிகள் இருக்கின்றன என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. நாங்கள் அவரைப் பூச்சி துரை என்போம். நெட்டைக்காலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலந்தி போலவே இருக்கும், ஆனால் வலை கட்டாது. மிளகளவு உடம்பு, அதைச் சுற்றி மயிர் போல எட்டுக் கால். ஈரப் பாறையின் அடியிலும் மக்கிய மரத்தின் கீழும் கிடக்கும். தொட்டால் காலை உதிர்த்துவிட்டு ஓடும். உதிர்ந்த கால் தனியே கிடந்து துடிக்கும். கால் குறைந்த பூச்சி துரைக்கு உதவாது.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு விரல் பதமாக இருக்கும் என்று, எங்களை வேலை வாங்குகிற ரெங்கசாமி கங்காணி எங்களில் ஆறு பேரை அனுப்பினார். மற்ற ஐந்து பேரும் பிடிக்கப் போய்க் காலைத்தான் கொண்டுவந்தார்கள். நான் பிடிக்கவில்லை. பூச்சிக்கு முன்னால் ஓர் ஈர இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவாக ஏறியது. பூச்சி கெடாமல் இருக்கச் சாராயம் ஊற்றிய போத்தலுக்குள் இலையை மெதுவாகச் சாய்த்தேன். துரை அதை வெள்ளைப் பீங்கானில் கொட்டி எண்ணினார். எட்டு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இது முக்கியமில்லை. பேச்சில் வந்ததால் சொன்னேன்.

காட்டுக்குள் துரையோடு ஒரே ஓர் ஆள்தான் போகலாம் என்று சர்க்கார் கடிதத்தில் இருந்தது. அந்த ஆள் நானானேன். துரையின் பங்களாவுக்குப் பின்னால், முன்பு குதிரை கட்டிய அறையை எங்களுக்குத் தந்தார்கள். அந்த அறை எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் லயத்தில், கூலிகளுக்கான வரிசை அறைகளில், இருந்தபோது கங்காணி பாக்கியத்தை வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி மூன்று தடவை ஆள் விட்டார். அவர் வீட்டு வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி லயத்தில் யாரும் பேசமாட்டார்கள். குதிரை அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போன அன்றைக்குப் பாக்கியம் அதைப் பத்துத் தடவையாவது போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டி முடிச்சுப் போடுவேன். ஓடையில் எடுத்ததற்கு ஒரு முடிச்சு. பாசி பிடித்த மரங்களுக்கு இரண்டு. குகைக்கு மூன்று. துரை முடிச்சைப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஒரே மலையில் இந்தச் சரிவில் இருக்கிற வகை அந்தச் சரிவில் இருக்காது, முடிச்சு மாறினால் எல்லாம் பொய்யாகிவிடும் என்று சொல்லியிருந்தார். ஐந்து மாதத்தில் பதினோரு வகை எடுத்தோம். ஒரு முடிச்சும் மாறவில்லை.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, கை நடுக்கம் விடவில்லை. இலை ஆடினால் பூச்சி காலை விட்டுவிடும். துரை பீங்கானில் எண்ணினார். ஏழு. மறுநாள் ஆறு. அவர் கோபப்படவில்லை.

"ஒனக்குக் கை ஆடுது கருப்பம்மா. வேற பொம்பள பாக்கணும்" என்றார்.

பரிமளம் அப்படித்தான் வந்தாள். கடிதத்தில் பெயர் இல்லாவிட்டாலும், வேலை பழகட்டும் என்று துரை அவளையும் என்னோடு கூட்டிப்போனார். இருபது வயது. ஓயாமல் பேசுவாள், பூச்சியிடம்கூட. "ஏறுங்க மாப்பிள்ள, கால மடக்கி உக்காருங்க" என்பாள். அவையும் ஏறும். ஒருநாள் என்னைப் பார்த்து, "அக்கா, ஒங்க கை எலைய ஆட்டுதா, எலை ஒங்க கைய ஆட்டுதா?" என்று கேட்டாள். துரைக்கும் தமிழ் புரியும். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாசி பிறந்தால் கடிதத்தில் அவள் பெயர் ஏறும், நாங்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவானது.

தை மாதக் கடைசியில் துரை பண்டாரவளைக்குப் போயிருந்த ஒரு நாள், காலையில் நாங்கள் இருவரும் மேலே போனோம். அருவிக்குப் பக்கத்தில் ஒரு கல் விளிம்பு உண்டு. தண்ணீர் எப்போதும் அதன்மேல் தெறிக்கும். அங்கே யாரும் தேடியதில்லை. இறங்கிப் பார்க்கலாம், கல் உறுதியானதுதான் என்று நான் சொன்னேன். அவள் வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஓர் இலையை மேலே நீட்டினாள். அதில் ஒரு நெட்டைக்காலி. முதுகில் மஞ்சள் கோடு. நான் அதுவரை பார்க்காத வகை.

"மொதல்ல இதப் புடிங்கக்கா, அப்பறம் என்னப் புடிங்க" என்றாள்.

முதலில் அதைப் பிடித்தேன். பிறகு அவள் கையைப் பிடித்தேன். பிறகு அவள் விழுந்தாள். சத்தம் அருவியில் கேட்கவில்லை.

பரிமளம் யாரோடோ வெலிமடைப் பக்கம் ஓடிவிட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தை விட்டு ஓடுகிறவர்கள் உண்டு, அதனால் யாரும் தேடவில்லை. நான் அந்தப் போத்தலுக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் துரையிடம் கொடுத்தேன். ஓடையில் எடுத்தது என்று அர்த்தம். அவர் பீங்கானில் கொட்டி, கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டாவது வகை. "கை சரியாயிருச்சே" என்றார். தலையை ஆட்டினார். கடிதத்தில் என் பெயரே இருக்கட்டும் என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் துரைக்கு இன்னும் இரண்டு வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஓடை முழுவதும் கல் புரட்டினார். மஞ்சள் கோடு போட்டது ஒன்றுகூட இல்லை. நான் முடிச்சு மாற்றமாட்டேன் என்று அவர் நம்பியதால்தான் அவ்வளவு நாள் தேடினார். கடைசியில், இது தண்ணீர் தெறிக்கிற கல்லில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அருவிக்குப் போனார். விளிம்பில் அந்தப் பூச்சிகள் கூட்டமாக இருந்தன. கீழே எட்டிப் பார்த்தார். பரிமளத்தின் தலைத்துணி தெரிந்தது.

போத்தலைத் தண்ணீரில் வீசியிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். ஏன் வீசவில்லை என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஏறும்போது வழியில் பரிமளம் சொன்னாள்: "நீங்க ஏன்க்கா லயத்துக்குப் போகணும்? அந்த ரூம்ல மூணு பேரு படுக்கலாம். பாக்கியம் எம்பக்கத்துல கெடக்கட்டும், கங்காணி வந்தா நான் பாத்துக்கிறேன்." துரையிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கியிருந்தாள். அது விளிம்புக்குப் போவதற்கு முன்னால். அதைக் கேட்ட பிறகுதான் கல் உறுதியானது என்று சொன்னேன்.

பாக்கியம் இப்போது கங்காணி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். நான் எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கை நடுங்கிப் பிடி நழுவிவிட்டது என்று முதலில் கோர்ட்டில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அவள் நீட்டிய இலையில் பூச்சி உயிரோடு இருந்தது. அதை வாங்கிப் போத்தலுக்குள் சாய்த்தது நான். கை நடுங்கியிருந்தால் அது காலை உதிர்த்துக் காட்டிக்கொடுத்திருக்கும். போத்தலை மூடிக் கீழே வைத்தேன். அதே கையைக் கொடுத்தேன். அவள் முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு ஏறத் தொடங்கினாள். நான் விரல்களை விரித்தேன். ஒவ்வொன்றாக, நிதானமாக.

அந்தப் போத்தல் சாட்சிப் பொருளாகக் கோர்ட்டு அலுமாரியில் இருக்கிறதாம். யாரும் குலுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. நேரம் கிடைத்தால் வெளிச்சத்தில் வைத்துக் காலை எண்ணிப் பாருங்கள். எட்டும் இருக்கும்.