தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்

அளவான பேச்சும் அகலமான புன்னகையுமாய் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா தில்லைநாதன் அவர்களே! கடலூரிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த மீன்தொட்டிக் காதலர்களே! கூடத்தில் பாதியை மீனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மீதியில் குடித்தனம் நடத்தும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் பிரிசில்லா வணங்குகிறேன்.

நான் மீன் வளர்ப்பவள் அல்லள். பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். "உனக்கு இந்த மேடையில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதிலாக, மூன்றாம் வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் கதையைச் சொல்கிறேன். ஒருவர் என் அண்ணன் ராஜவேல். மற்றவர் என் கணவர் இளவரசு. தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம், இருவரையும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அண்ணன் இதே சிதம்பரத்தில் செல்போன் பழுது பார்ப்பவன். எங்கள் அப்பா மறைந்தபின் அவன் மனம்விட்டுப் பேசியது ஒரு கண்ணாடித் தொட்டியிடம்தான். என்ன தொட்டி அது! பச்சைக்குள் பச்சையாய்ப் படர்ந்த பாசி, காற்றே இல்லாமல் ஆடும் கொடி, இலைகளுக்கு நடுவே இளவேனிலைப் போல் உலவும் ஏஞ்சல் மீன் இணை. செடி செழிக்கச் சிலிண்டரில் கரியமில வாயு, நேரம் பார்த்து எரியும் விளக்கு என்று குழந்தையைப் போல வளர்த்தான்.

நான் இளவரசுவை மணந்தேன். எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகும் வீடு. அவர் வீடு முருகனுக்குக் காவடி எடுக்கும் விவசாயக் குடும்பம். அம்மா ஆரோக்கியம்மாள் அழுதார், பிறகு ஏற்றுக்கொண்டார். அண்ணன் அழவும் இல்லை, ஏற்கவும் இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சே இல்லை. நாங்கள் குடியிருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்தால், அவன் தொட்டி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஆண்டுக்கணக்கில் அப்படியே போயிற்று.

போன கோடை விடுமுறையில் அம்மாவின் பிறந்த நாளுக்குக் குழந்தையோடு வந்திருந்தோம். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் சாப்பிட வரவில்லை. உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிவப்பு வரி மின்னும் சின்ன மீன்கள் சில செத்து மிதந்தன. இலைகள் கரைந்து கண்ணாடியாய்த் தெரிந்தன. சோதனைக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறான், தண்ணீர் கடுமையான அமிலமாகிவிட்டது. தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, போர் தண்ணீரை ஊற்றி நிரப்ப வாளியைத் தூக்கி நின்றான். 

அப்போது என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மச்சான், ஒரே அடியா ஊத்தாதீங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். என் கணவரின் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அன்றுதான்.

"மீனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"மீனப் பத்தி ஒன்னும் தெரியாது மச்சான். தண்ணியப் பத்திக் கொஞ்சம் தெரியும்."

அவர் வேதியியல் ஆசிரியர் என்பதே அண்ணனுக்கு அன்றுதான் தெரியும். கேட்டிருந்தால்தானே!

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான். சபையோரே, அந்த வாளி தரையைத் தொட்ட ஓசையைவிட இனிய ஓசையை நான் இதுவரை கேட்டதில்லை.

என்ன நடந்திருந்தது? செடிகளுக்கு மென்மையான தண்ணீர் நல்லது என்று படித்த அண்ணன், வடிகட்டும் இயந்திரத்துத் தண்ணீரை மட்டுமே மாதக்கணக்கில் ஊற்றியிருக்கிறான். அதில் கார்பனேட் உப்பு அறவே இல்லை. அது எதற்கு என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. அந்த உப்புதான் தண்ணீருக்குள் அமிலம் ஏறாமல் தாங்கிப் பிடிப்பது. தாங்க ஆளில்லாததால் அமிலம் ஏறியது. கழிவைத் தின்று தொட்டியைக் காக்கும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துபோயின. அம்மோனியா சேர்ந்தது. அமிலத் தண்ணீரில் அது அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் அடங்கிக் கிடக்கும். அதன் தலையில் காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால்? அத்தனையும் ஒரே நேரத்தில் நஞ்சாகும். காப்பாற்றப் போன கையே கொன்றிருக்கும்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கரியமில வாயுவைக் குறைத்தார்கள். காற்றுக் குமிழியை ஓடவிட்டார்கள். தீனியை நிறுத்தினார்கள். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, அதே வடிகட்டிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, முதலில் அம்மோனியாவைக் குறைத்தார்கள். அதன் பிறகே போர் தண்ணீர், அதுவும் டம்ளர் டம்ளராக. நானும் குழந்தையும் மஞ்சக்குப்பம் திரும்பினோம். அவர் திரும்பவில்லை. "லீவுதானே, இருந்து பாத்துட்டு வரேன்" என்றார்.

அந்த நாட்களில் அவர்கள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை என்று அம்மா போனில் சொல்வார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மதத்தை யாரும் எடுக்கவில்லை. சொட்டு விடுவார்கள், நிறம் பார்ப்பார்கள், அம்மா வைத்த சோற்றை ஒன்றாய் உட்கார்ந்து தின்பார்கள். இன்னும் சில மீன்கள் செத்தன, மறைக்க மாட்டேன். ஆனால் ஏஞ்சல் இணை பிழைத்தது. கரைந்த இலைகளின் அடியிலிருந்து புதுக்குருத்து விட்டது.

அவர் ஊர் திரும்பிப் பள்ளி திறந்த பிறகு, ஒரு காலையில் அண்ணனிடமிருந்து எனக்குப் போன். அவன் எனக்குத் தானாகப் போன் செய்வதே அதிசயம். "என்னண்ணே?" என்றேன், மனம் பதறி. "அகல இலையில மீன் முட்டை வெச்சிருக்கு" என்றான். குரல் பூரித்திருந்தது. நான் சந்தோஷத்தில் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"சரி சரி. நீ மாப்ளகிட்ட போனக் குடு."

மாப்ள! மணமாகி எத்தனை காலம் நான் காத்திருந்த சொல் அது! தங்கையைத் தாண்டி அவரைத் தேடிய அண்ணன்மீது எனக்குக் கோபம் வருமா? கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், அவர்கள் பேசி முடிக்கும் வரை பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் பேசினார்கள்.

பேசவிட்ட தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீட்டுத் தண்ணீர் தெளிந்திருக்கட்டும், உறவு தழைக்கட்டும். வணக்கம்.