நாற்பத்து மூன்று பேருக்கு ஓர் அறிவிப்பு

நார்பர்ட்: “இதனால் உலகெங்கும் பரவியிருக்கும் எமது வாசகப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்...”

ஐலீன்: நாற்பத்து மூணு பேரு.

நார்பர்ட்: என்னது?

ஐலீன்: உலகெங்கும் பரவியிருக்கிறவங்க. நம்ம பிளாக்ல நேத்து பாத்தேன், படிக்கிறது நாற்பத்து மூணு பேரு. அதுல பதினொண்ணு சொந்தக்காரங்க. ஒருத்தரு உங்க பல் டாக்டர்.

நார்பர்ட்: குறுக்க பேசாத ஐலீன். “...ஆறு ஆண்டுகள், நாற்பத்தெட்டு மாநிலங்கள், அறுபத்தோராயிரம் மைல்கள் சக்கரங்களின் மேல் வாழ்ந்த ஹாப்னர் தம்பதியர், குடும்பத்தின் அழைப்பை ஏற்று, விஸ்கான்சின் மண்ணில் மீண்டும் வேரூன்ற முடிவு செய்துள்ளனர்.” எப்படி?

ஐலீன்: யாரு அழைச்சா?

நார்பர்ட்: ஹைடிதான்.

ஐலீன்: அவ போன்ல கேட்டது ஒரே கேள்வி. “எத்தன நாள் இருப்பீங்க?”

நார்பர்ட்: பெத்த மக அவ. அந்தக் கேள்விக்குள்ள ஒரு ஏக்கம் இருந்துச்சு.

ஐலீன்: அப்புறம் நாற்பத்தெட்டு இல்ல, நாற்பத்தேழு. ஒரு ராத்திரியாவது தூங்கின மாநிலத்துக்குத்தான் நம்ம வீட்டு வண்டியில ஸ்டிக்கர் ஒட்டணும்னு நீங்களே சட்டம் போட்டீங்க. டெலவேர்ல நாம சாண்ட்விச் தின்னோம். அவ்வளவுதான்.

நார்பர்ட்: தின்னுட்டு நான் கண்ணசந்தேன்.

ஐலீன்: இருபது நிமிஷம். பெட்ரோல் பங்க்ல.

நார்பர்ட்: தூக்கம் தூக்கம்தான். நீ எடுத்துக் குடுத்த தாளைத்தான் வாசிக்கிறேன். எழுதினது உன் கை. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

ஐலீன்: நீங்க எழுந்து நின்னு சொல்லச் சொல்ல எழுதினேன். மூணு நாளா காலையில பல் தேய்க்கிறப்பக்கூட இதையேதான் ஒப்பிக்கிறீங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

நார்பர்ட்: இருபத்தொம்பது வருஷம் தலைமை ஆசிரியரா மைக் பிடிச்சவன். தயார் பண்ணாம பேச மாட்டேன்.

ஐலீன்: தெரியும். பசங்க தூங்கினதும் தெரியும். சரி... திங்கட்கிழமைக்கு என்ன தயார் பண்ணியிருக்கீங்க?

நார்பர்ட்: அதை இப்ப எதுக்கு எடுக்குற?

ஐலீன்: இன்னிக்கு வியாழன். ஹைடிக்குத் திங்கட்கிழமைலருந்து ஆஸ்பத்திரியில காலை ஆறு மணி டூட்டி. மருமகன் பிரையன் லாரிய எடுத்துட்டுப் போனா வாரக் கடைசியிலதான் வருவான். பேத்திய காலையில ஐஸ் ஹாக்கி பயிற்சிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு அவ முழிச்சப்ப, நெஞ்ச நிமித்திக்கிட்டு “நான் இருக்கேன்”னு சொன்னது யாரு?

நார்பர்ட்: நோரா சிரிச்சாளே, பாத்தியா? பன்னெண்டு வயசுப் பொண்ணு. வந்த பத்து நாள்ல அன்னிக்குத்தான் என்னைப் பாத்துச் சிரிச்சா.

ஐலீன்: பாத்தேன். அதனாலதான் சொல்றேன். நீங்களே ஹைடிகிட்ட சொல்லிடுங்க.

நார்பர்ட்: சொல்றேன்... நேரம் பாத்து.

ஐலீன்: தெற்கு டகோட்டாவ விட்டுக் கிளம்புனதுலருந்து நேரம் பாக்குறீங்க.

நார்பர்ட்: நீ வாயத் திறக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்க. அந்த ஆபீஸ் வாசல்ல, என் கையைப் பிடிச்சு.

ஐலீன்: பண்ணியிருக்கேன். திறக்க மாட்டேன்.

நார்பர்ட்: அது போதும்.

ஐலீன்: ஆனா அந்தக் குழந்தை உங்க பக்கத்துல உக்காந்து ஊருக்குள்ள போகாது நார்பர்ட். அதையும் கேட்டுக்கங்க. கார் முன்னாடி நான் படுத்தாவது மறிப்பேன்.

நார்பர்ட்: படு. உனக்குத்தான் முட்டி வலியாச்சே, எப்படிப் படுப்ப?

ஹைடி: யாரு எங்க படுக்கப் போறா? கதவைத் திறங்க, கை நெறைய சாமான்.

ஐலீன்: வாம்மா. பாத்து, அந்த ஜெரேனியம் தொட்டிய மிதிச்சிடாத. குளிக்கிற எடத்துலருந்து இப்பத்தான் வெளிய எடுத்து வச்சேன்.

ஹைடி: ஆறு வருஷமா ஒரு செடி ஷவர்ல குடியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் எங்க குளிச்சீங்க?

ஐலீன்: அது பக்கத்துல. ரெண்டு நிமிஷத்துல. டாங்க்ல தண்ணி அவ்வளவுதான் இருக்கும். நாளைக்கு எங்க புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பாரு, செடிய மண்ணுல வைப்பேன். அப்புறம் குளிக்கப் போனா அரை மணி நேரம் வெளிய வர மாட்டேன்.

நார்பர்ட்: வா பிரையன். உக்காரு.

ஹைடி: அப்பா... நான் ஹைடி. அவரு நெப்ராஸ்காவுல இருக்காரு.

நார்பர்ட்: தெரியாதா எனக்கு? சும்மா கிண்டல் பண்ணேன். அவன் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தா வேற எப்படிக் கூப்பிடுறது?

ஹைடி: என் கோட்டுத்தான் இது. சரி, ரெண்டு விஷயம். ஒண்ணு, குடியிருப்போர் சங்கத்துலருந்து ஏதாவது ஒட்டிட்டுப் போனாங்களா? மூணு நாளைக்கு மேல வீட்டு வாசல்ல பெரிய வண்டி நிக்கக் கூடாதுன்னு எதிர் வீட்டுக்காரரு ஒரு வாரமா முணுமுணுக்குறாரு.

நார்பர்ட்: நாங்க சட்டத்தை மதிக்கிறவங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை வண்டிய எடுத்துட்டுப் போயி சர்ச் மைதானத்துல நிறுத்திட்டுத் திரும்ப வர்றோம்.

ஐலீன்: கதவுல ஏதோ ஒட்டியிருந்துச்சு. எடுத்து உள்ள வச்சிருக்கேன்.

ஹைடி: அப்புறமா காட்டு. ரெண்டாவது, அப்பா, உங்க லைசென்ஸ குடுங்க.

நார்பர்ட்: எதுக்கு?

ஹைடி: என் கார் இன்சூரன்ஸ்ல உங்க பேரைச் சேக்கணும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா போதும். புதுசு வாங்கத்தானே தெற்கு டகோட்டா வரைக்கும் போனீங்க?

நார்பர்ட்: போனோம். அதுதானே எங்க சட்டப்படி சொந்த ஊரு.

ஹைடி: சொந்த ஊராம். ஒரு கடையில ஒரு தபால் பெட்டி.

நார்பர்ட்: தபால் பெட்டியா இருந்தாலும் முகவரி முகவரிதான். சக்கரத்துல வாழுற ஆயிரக்கணக்கான பேருக்கு அதுதான் ஊரு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல போயி, ஒரு ராத்திரி தங்கி, கேம்ப்கிரவுண்ட் ரசீதைக் காட்டணும். காட்டினோம். ஐலீன், காட்டினோமா இல்லையா?

ஐலீன்: ரசீதைக் காட்டினோம்.

ஹைடி: அப்புறம்?

ஐலீன்: நான் ஒண்ணும் சொல்லல. காபி குடிக்கிறியா?

ஹைடி: அம்மா ஏன் இப்படிப் பேசுது?

நார்பர்ட்: அவளுக்கு ஊரு மாறினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். குடு, காபிய நான் ஊத்துறேன். லைசென்ஸு ஏதோ பையில இருக்கும்... வீடு மாத்துற நேரம், எது எங்கன்னு...

ஹைடி: அப்பா, வழியுது. கப்பு அங்க இல்ல. இந்தப் பக்கம்.

நார்பர்ட்: இந்த மேசை சாய்வா இருக்கு. சக்கரத்துக்கு அடியில கட்டை சரியா வைக்கல.

ஐலீன்: கட்டை சரியாத்தான் இருக்கு. நான் வச்சது.

ஹைடி: நீயா? அது அப்பா வேலையாச்சே.

ஐலீன்: கப்பைத் தள்ளி வை, மேசையத் துடைக்கணும்.

ஹைடி: அப்பா, உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. திங்கட்கிழமைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். டூட்டிய மாத்தித் தரச் சொல்லி இன்னொரு தடவை கேக்குறேன். தர மாட்டாங்க, ஆனா கேக்குறேன்.

நார்பர்ட்: பிடிக்கலையா? நல்லா இருக்கே. ஆறு வருஷம் ஊர் சுத்தினவன் இப்ப எதுக்கு வந்தேன்? உங்களுக்கு ஒத்தாசையா இருக்கத்தான். இல்லாட்டி நான் எதுக்கு இங்க? வாசல்ல நிறுத்தி வச்ச இன்னொரு சாமானா? நான்தான் கூட்டிட்டுப் போறேன். முடிஞ்சுது.

ஹைடி: முப்பத்தாறடி வண்டிய நாடு முழுக்க ஓட்டினவரு, ஐஸ் அரங்கத்துக்கு நாலு மைல் ஓட்ட மாட்டீங்களா என்ன... ஆனா அந்தத் தபால் பெட்டி விஷயந்தான் எனக்கு இன்னும் புரியல.

நார்பர்ட்: தெற்கு டகோட்டாவுலயா?

ஹைடி: இல்லப்பா, என் வீட்டு வாசல்ல கம்பத்துல இருந்தது. பத்து வருஷமா நேரா நின்னது. நீங்க வந்த அன்னிக்கு நான் வேலை முடிஞ்சு வந்து பாக்குறேன், மல்லாக்கக் கிடக்கு.

நார்பர்ட்: பின்னால எடுக்கும்போது ஒரு சின்ன... அது ரொம்ப வெளிய தள்ளி இருந்துச்சு.

ஹைடி: அம்மா வழக்கம் போல பின்னாடி நின்னு கை காட்டலையா? வண்டிய ரிவர்ஸ் எடுத்தாலே நீங்க ரெண்டு பேரும் பாதிக் கேம்ப்கிரவுண்டை எழுப்பிச் சண்டை போடுவீங்களே.

ஐலீன்: கை காட்டினது நடந்துச்சு. “வா, வா, எடம் நெறைய இருக்கு”ன்னு சத்தமாவே காட்டினாங்க.

ஹைடி: காட்டினாங்கன்னா? யாரு?

நார்பர்ட்: பழசை விடும்மா. அறிவிப்பு தயார். நாளைக்குச் சாவி வாங்கிட்டு, சர்ச்ல மீன் வறுவல் சாப்பிட்டு வந்து, முறைப்படி வெளியிடுறோம். கடைசிப் பகுதிய வாசிக்கிறேன், கேளு.

ஹைடி: வாசிங்க.

நார்பர்ட்: “இனி எமது சக்கரங்கள் ஓய்வெடுக்கும். எமது கைகளோ ஓய்வெடுக்கா. அன்புப் பேத்தி நோராவை நாள்தோறும் காலையில் ஐஸ் அரங்கத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை இக்கைகளே ஏற்கின்றன. சாலை எமக்குக் கற்றுத் தந்த தொலைநோக்கு, இனி இக்குடும்பத்துக்குப் பயன்படும்.”

ஐலீன்: தொலைநோக்கு.

நார்பர்ட்: அந்த வார்த்தையில என்ன தப்பு?

ஐலீன்: ஒண்ணுமில்ல. நல்ல வார்த்தை.

ஹைடி: நோரா பேரு வருதா? அவ கேட்டா கூச்சத்துல கதவைச் சாத்திக்குவா. இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. தள்ளி உக்காருங்க, தாளை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். நானே டைப் அடிச்சுத் தர்றேன்.

நார்பர்ட்: வேண்டாம். இதெல்லாம் காதால கேக்கணும்.

ஹைடி: ஒரு போட்டோதானேப்பா, அசங்காம பிடிங்க... அப்பா.

நார்பர்ட்: என்ன?

ஹைடி: முதல் வரிய இன்னொரு தடவை வாசிங்க.

நார்பர்ட்: “இதனால் உலகெங்கும் பரவியிருக்கும் எமது வாசகப் பெருமக்கள்...”

ஹைடி: மெதுவா. வரிக்கு அடியில விரலை வச்சு.

நார்பர்ட்: நான் என்ன ஒண்ணாம் கிளாஸா? “இதனால் உலகெங்கும்...”

ஹைடி: அப்பா, உங்க கையில இருக்குறது சங்கத்து நோட்டீஸ். “எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வாகனத்தை அகற்றவும்”னு போட்டிருக்கு.

நார்பர்ட்: நோட்டீஸா? எங்க போட்டிருக்கு?

ஹைடி: பெரிய எழுத்துல போட்டிருக்குப்பா.

நார்பர்ட்: கண்ணாடி... வேற கண்ணாடி அந்தப் பையில...

ஹைடி: எப்பலருந்து?

நார்பர்ட்: நடுவுலதான் தெரியல. ஓரமெல்லாம் தெரியுது. தலையச் சாய்ச்சா உன் காது தெரியுது.

ஹைடி: லைசென்ஸ்?

நார்பர்ட்: அந்த ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு. என் பழைய மாணவிகள் வயசுதான் இருக்கும். மிஷினுக்குள்ள பாத்து மூணாவது வரிய வாசிக்கச் சொன்னா. வரி எங்க இருக்குன்னு கேட்டேன். ரொம்ப மரியாதையாத்தான் பேசினா. கார்டை வாங்கி, இனி செல்லாதுன்னு ஓட்டை போட்டுட்டா.

ஹைடி: அப்படின்னா தெற்கு டகோட்டாவுலருந்து இங்க வரைக்கும்... எழுநூறு மைலு...

ஐலீன்: ஓட்டினது நான். வாரக் கடைசியில மண்வெட்டியோட வந்து அந்தத் தபால் பெட்டிய நானே நட்டுத் தர்றேன். திங்கட்கிழமை நோராவையும் நானே கூட்டிட்டுப் போறேன். அவரு பக்கத்துல உக்காந்து வழி சொல்லட்டும். எழுநூறு மைலும் அதைத்தான் பண்ணாரு.

ஹைடி: பத்து நாளா நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா.

ஐலீன்: வாயத் திறக்க மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். அதனாலதான் தாளை மாத்திக் குடுத்தேன்.