டியப் போற கப்பல்தான் நல்லது

அந்தப் போனை உள்ள வை கண்ணு. அது காட்டுற ரேட்டெல்லாம் ஆளை இழுக்கப் போட்டது. உள்ள போனா பெட்டிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவுன்னு ஏத்திக்கிட்டே போவான். பத்து நிமிஷமாப் பாக்குறேன், நீயும் அதைத் தேய்ச்சுக்கிட்டே இருக்க. பிரான்சுக்குத்தான? எந்த ஊரு?

லீல். ம். வேலையா? பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கவா, நல்லது. என்னிக்குச் சேரணும்? நாளை மறுநாளா? அப்ப அவசரமே இல்லையே. அவசரம் இல்லாதவங்க டோவர் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது.

டோவர் கிட்டதான், யாரு இல்லைன்னது. டோவர்ல ஏறுனா ஒன்றரை மணி நேரத்துல கலே. ஆனா இந்த லூயிஸ் ஸ்டேஷன்லேர்ந்து டோவருக்கு எப்படிப் போவ? ஹேஸ்டிங்ஸ் வண்டி புடிச்சு, அங்க எறங்கி ஆஷ்ஃபோர்ட் வண்டி, அங்க எறங்கி டோவர் வண்டி. டோவர்ல எறங்குனா கப்பல் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. லாரிங்களுக்கு நடுவுல அரை மணி நேரம் பெட்டிய இழுத்துக்கிட்டு நடக்கணும். நடந்து வர்றவங்கன்னாலே அங்க எளக்காரம். மொதல்ல லாரி, அப்புறம் காரு, அப்புறம் பந்தயக் குதிரை, அப்புறம் நாயி, மிச்சம் இடமிருந்தா நாம. எல்லாக் கப்பல்லயும் ஏத்தவும் மாட்டாங்க.

ரேட்டா? ரெண்டும் ஏறத்தாழ ஒண்ணுதான். முன்னப்பின்ன இருக்கும்.

இந்தா, டீ எடுத்துக்க. ஒண்ணு கேட்டேன், அந்த டீக்கடைப் பையன் ரெண்டா ஊத்திட்டான். பால் ஊத்தியிருக்கு. மெதுவா, சூடு. கொஞ்சம் எந்திரிச்சு நில்லு பாப்போம். ஒண்ணுமில்ல, பெஞ்சு ஈரமா இருக்கான்னு பாத்தேன். இல்ல, காஞ்சுதான் இருக்கு, உக்காரு.

என்ன, அறிவிப்பா? ஆமா, ஹேஸ்டிங்ஸ் வண்டிதான். அது கெடக்கு. இவ்வளவு சூட்டு டீயக் கையில வெச்சுக்கிட்டு, இந்தப் பெட்டியையும் தூக்கிக்கிட்டுப் படி ஏறி எறங்குவியா? மேல கொட்டிச்சுன்னா தோல் வழண்டு போகும். போர்ட்ஸ்மவுத்தை மட்டும் சொல்லி முடிச்சுர்றேன்.

போர்ட்ஸ்மவுத்லேர்ந்து நாலு ஊருக்குக் கப்பல் போகுது. கான், ல ஆவ்ர், செர்பூர்க், சான் மாலோ. கானுக்கு ஆறு மணி நேரம். பகல்ல போனா பரவாயில்ல, ராத்திரின்னா தனி அறை எடுத்தே ஆகணும்பாங்க, அதுக்கு ஒரு வெலை. சான் மாலோ வாந்தி எடுக்குறவங்களுக்கு ஆகாது. பிளிமத்லேர்ந்து ரோஸ்கோஃப்னு ஒண்ணு இருக்கு, அது முட்டைக்கோசு விக்கிறவன் போற வழி, லீலுக்குப் போறவ அதுல ஏறுனா உலகத்தைச் சுத்தி வந்த மாதிரிதான். ஆகஸ்ட் மாசத்துல எல்லாமே ரெண்டு மடங்கு. செவ்வாய், புதன் கொறைவு. வெள்ளிக்கெழமை போறவன் பணக்காரனா இருக்கணும், இல்ல மாமியாரைப் பாக்கப் போறவனா இருக்கணும்.

போயிருச்சா வண்டி? போகட்டும் விடு.

நம்ம ஊருக் கப்பலைக் கேளு. நியூஹேவன்லேர்ந்து டியப். இங்கேர்ந்து சீஃபோர்ட் வண்டில பத்து நிமிஷம் போனா நியூஹேவன். எறங்குனா கப்பல் மூக்குக்கு நேரா நிக்கும். பத்து மணிக்கு எடுப்பாங்க. நாலு மணி நேரம். முப்பத்தஞ்சு பவுண்டு. ஜன்னல் ஓரமா உக்காந்து ஒரு தூக்கம் போட்டா வெள்ளைப் பாறை தெரியும், அதுதான் டியப். அங்கேர்ந்து லீலுக்கா? ரூவான் போயி, அமியான் போயி, அப்படியே போயிரலாம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போயிருவ. சிரிக்காத. ஊரு பாத்த மாதிரியும் ஆச்சு.

எனக்கு எப்படித் தெரியுமா? வாராவாரம் போனவ நான். ரெண்டு வருஷம், திங்கக்கெழமை போயி வெள்ளிக்கெழமை திரும்புவேன். கப்பல்ல டீ விக்கிறவளுக்கு என் பேரு தெரியும். மேவிஸ் வந்தாச்சு, கடையத் தொறன்னுவா.

வீட்டுக்காரரு அங்க இருக்காரு கண்ணு. டெஸ்மண்டு. டியப்லேர்ந்து ரெண்டு மைலு, ஒரு சின்னக் கல்லு வீடு. கேஸ் அடுப்பு மாட்டுற வேலையிலேர்ந்து ஓய்வு பெத்ததும், கையில இருந்ததப் போட்டு வாங்குனாரு. லீக்ஸ் கீரை, ஆப்பிள் மரம், ரெண்டு வாத்து. நம்ம நாடு ஐரோப்பாவை விட்டு வெளிய வந்துச்சுல்ல, அப்ப அவரு அங்கயே குடியிருந்ததால குடியிருப்பு அட்டை குடுத்துட்டாங்க. எனக்குக் கெடையாது. நான் இங்க சீஃபோர்ட்ல விடுதி நடத்திக்கிட்டிருந்தேன். ஆறு ரூமு, காலைச் சாப்பாட்டோட. முப்பத்தோரு வருஷம். ஒருத்தர் பொட்டி வைக்கிற விதத்துலயே குளியலறைய எப்படி விட்டுட்டுப் போவாங்கன்னு சொல்லிருவேன். நீ சுத்தமா வெச்சுக்குவ.

வெள்ளி வந்தாத்தான் விருந்தாளிங்க. திங்க காலைல கெளம்பிருவாங்க, நானும் போர்வைய உருவிப் போட்டுட்டு கப்பலுக்குக் கெளம்பிருவேன். நல்லாத்தான் ஓடுச்சு.

இப்ப ஏன் போறதில்லையா? அதச் சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. அந்தக் காகிதப் பையக் குடு, எழுதிக் காட்டுறேன். இடது கை எழுத்து, ஆனா புரியும். நம்மள மாதிரி ஆளுங்க நூத்தியெம்பது நாள்ல தொண்ணூறு நாள்தான் அங்க இருக்கலாம். தெரியும்ல? எனக்கும் தெரியும். நாள்காட்டில குறிச்சு வெச்சுத்தான் போனேன். திங்கக்கெழமை போயி வெள்ளிக்கெழமை வந்தா எத்தன? சொல்லு. அஞ்சா? பாரு, உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் நாலுன்னு போட்டேன்.

விடுதிக்காரி கண்ணு நான். முப்பத்தோரு வருஷமா ராத்திரியத்தான் எண்ணியிருக்கேன். திங்க வந்து வெள்ளி போனா நாலு ராத்திரி, நாலு நாள் வாடகை. வேற மாதிரி எண்ண எனக்கு வராது. நூத்தியெம்பது நாளுக்குள்ள மூணு நாலு வாரம் போகாம விட்டா இருபத்திரெண்டு வாரம், நாலு நாலா எம்பத்தெட்டு. தொண்ணூறுக்கு ரெண்டு கொறைவு, பெருமையா இருந்தேன். அவங்க கணக்குல எறங்குன நாளும் ஒரு நாள், ஏறுன நாளும் ஒரு நாள். நூத்திப்பத்து.

டியப்ல பாஸ்போர்ட் பாக்குற எடத்துல, கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பொண்ணு. உன் வயசுதான் இருக்கும். ரொம்ப மரியாதையா, ஒவ்வொரு முத்திரையா வெரல வெச்சு எண்ணுனா. ரெண்டு தடவ எண்ணுனா. அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த நாட்டுல காலடி வைக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதிக் குடுத்துட்டா. டெஸ்மண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருக்காரு. எப்பவும் போல திங்கக்கெழமை வந்துருவேன்னு கை ஆட்டிட்டு ஏறிட்டேன். வேற என்ன சொல்றது? அது ஆச்சு மூணு மாசம். இன்னும் ஒன்பது மாசம் இருக்கு. பேப்பர் மேல பேப்பர் போட்டிருக்கேன், பரிசீலனையில இருக்குங்குறாங்க. எல்லா வழியும் எனக்குத் தெரியும், எல்லா ரேட்டும் தெரியும். ஒண்ணுலயும் ஏற முடியாது. அந்தக் கப்பல் ஊதுறது எங்க வீட்டு அடுப்படிக்கே கேக்கும். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. காதப் பொத்திக்கிட்டுப் பாத்திரம் கழுவுறேன்.

இங்க கூட்டிட்டு வர்றதா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ரெண்டு தடவ பாத்தாச்சு. அவருக்கு நெனவு சரியில்ல கண்ணு. ரெண்டு வருஷமா, கொஞ்சங் கொஞ்சமா. மொத தடவ அங்க ஏத்தி விட்டாங்க. நான் நியூஹேவன்ல நிக்கிறேன், எல்லாரும் எறங்குறாங்க, அவரக் காணோம். மனுஷன் உள்ளயே உக்காந்து சூப்புக் குடிச்சுட்டு, அதே கப்பல்ல டியப்புக்குத் திரும்பிப் போயிட்டாரு. இனிமே தொணை இல்லாம ஏத்த மாட்டோம்னுட்டாங்க.

ரெண்டாந் தடவ பக்கத்து வீட்டு மதாம் ஒதீல் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா. நல்ல பொம்பளை, அவருக்கு மூணு வேளையும் பாத்துக்குறது அவதான். மூணு நாள் எங்கூட சீஃபோர்ட்ல இருந்தாரு. நாலாம் நாள் காலைல பாத்தா மஞ்சத் தொப்பியப் போட்டுக்கிட்டு, பெட்டியோட வரவேற்பு மேசை முன்னால நிக்கிறாரு. எங்க கெளம்பிட்டீங்கன்னேன். அம்மா, ரூமு சுத்தமா இருந்துச்சு, முட்டையும் நல்லா இருந்துச்சு, ஆனா என் பொண்டாட்டி கப்பல்ல வர்ற நேரம், நான் போகணும், பில்லப் போடுங்கன்னாரு.

என்னையப் பாத்துச் சொல்றாரு. நாப்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன்.

என்ன பண்ணேனா? பில்லு போட்டேன். மூணு ராத்திரின்னு எழுதுனேன். ரொம்ப நன்றிம்மான்னு சொல்லி ரெண்டு பவுண்டு மேசை மேல வெச்சுட்டு மதாம் ஒதீலோட போயிட்டாரு. அத இன்னும் வெச்சிருக்கேன். சரி சரி, நீ ஏன் அழற? டீயக் குடி, ஆறிப் போச்சு.

அவரு மனசுல நான் ஒரு எடத்துலதான் இருக்கேன். டியப்ல, கப்பல்லேர்ந்து எறங்குற எடத்துல. செவப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு எறங்கி வந்து கை ஆட்டுனா அது மேவிசு. மத்த எடத்துல பாத்தா விடுதிக்காரி. அதனால திரும்பிப் போனதுலேர்ந்து, இந்த ரெண்டு வாரமா, தெனமும் மத்தியானம் போயி வேலியப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. பாத்துட்டாருன்னா போதும், மதாம் ஒதீல் வாங்க போலாம்னதும் சமத்தா வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்கிருவாரு. என்னைய எங்கன்னு கூடக் கேக்க மாட்டாரு, கப்பல் வந்துருச்சுங்குற நெனப்பு மட்டும் நிக்கும். பாக்கலைன்னா நகர மாட்டாரு. நேத்தி அப்படித்தான் ஆச்சு. மழையில இருட்டுற வரைக்கும் நின்னிருக்காரு. இழுத்தா அடிக்க வர்றாராம். ராத்திரி முழுக்க இருமல். எம்பத்தொரு வயசுக்கு இன்னொரு தடவ நனைஞ்சா எந்திரிக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

மத்த நாள்ல எப்படிப் பாக்குறாரா?

இரு. சீஃபோர்ட் வண்டி வந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள சொல்லிர்றேன். உன்கிட்ட பொய் சொன்னேன் கண்ணு. டோவர் பத்து பவுண்டு கொறைவு. லீலுக்குப் போறவ கண்ண மூடிக்கிட்டு டோவர்லதான் ஏறணும், கலேலேர்ந்து ஒரு மணி நேரத்துல லீல். அந்த ஹேஸ்டிங்ஸ் வண்டிதான் உனக்கு. டீயையும் ஒண்ணுதான் கேட்டேன்னு சொன்னேன், கேட்டது ரெண்டு. சூடா இருந்தா எந்திரிச்சு ஓட மாட்டல்ல. எந்திரிக்கச் சொன்னதும் பெஞ்சுக்காக இல்ல, ஒசரம் பாக்கத்தான். நேத்தி ஒரு பொண்ணு கிட்ட மொதல்லயே உண்மையச் சொன்னேன். பாவம்னுட்டு டோவருக்குப் போயிட்டா.

அடுத்த ஹேஸ்டிங்ஸ் வண்டி அரை மணியில வரும். அதுல போனாலும் நாளைக்குள்ள போயிருவ. நீ அதுல ஏறுனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டியப்புக்குப் போனீன்னா அந்தப் பத்து பவுண்டை இப்பவே தர்றேன், டிக்கெட்டுக்கும் சேத்துத் தர்றேன். நீ பதினாலாவது ஆளு. ஒருத்தரும் இதுவரைக்கும் என் செவப்புக் கோட்டத் தூக்கிக்கிட்டு ஓடுனதில்ல, சாயங்காலக் கப்பல்லயே மதாம் ஒதீல் திருப்பி அனுப்பிருவா.

ஆமா, இந்தப் பையில இருக்குறது அதுதான். போட்டுப் பாரு. தோளு சரியா இருக்கு. கைதான் நீளம், மடிச்சு விட்டுக்க. கிட்ட போயிராத, கிட்டன்னா கண்டுபுடிச்சுருவாரு. கதவத் தாண்டுனதும் மஞ்சத் தொப்பியத் தேடு, நின்னு ஒரு தடவ ஆட்டு, அவரும் ஆட்டுவாரு, அவ்வளவுதான், கோட்டக் கழட்டி டிக்கெட் கவுண்டர்ல குடுத்துட்டு நீ பாட்டுக்கு ரயிலுக்குப் போயிரு.

வலது கையில்ல கண்ணு. இடது கை.