ஜுசாராவின் கையெழுத்து

"ஹலோ... ஆமா, நெய்வாதான். சொல்லுங்க."

ஜுசாராவிடம் அவள் 'சொல்லுங்க' என்று மரியாதையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. சபேக்கோ நகரத்துக் கோழிக்கறி ஆலையில் பதினொரு வருடம் கோழி வெட்டும் ஒரே கன்வேயர் பெல்ட்டின் முன் தோள் உரச நின்றவர்கள் இருவரும்.

"ம்... கோர்ட் வாசல்லதான் நிக்கிறேன்... கேஸ் தள்ளுபடி. ஆமா, ஆமா, தள்ளுபடி! உதவித்தொகை கிடையாதாம். கை நல்லாத்தான் இருக்காம்... ஏன்னு என்னையா கேக்கறீங்க? உங்க லெட்டரைத்தானே ஆலை வக்கீல் வாசிச்சாரு! 'பக்கத்துலயே நின்னவ நான், நெய்வா ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல'ன்னு. மூணு டாக்டர் சீட்டும் அந்த ஒத்தத் தாளுக்கு முன்னாடி நிக்கல... இருங்க, போன் நழுவுது..."

இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா, அந்தக் கைதான்! மாத்தே டீக்கு வெந்நீர் ஊத்தக்கூட கெட்டிலைத் தூக்க முடியல... என்னது, நீ பாக்கலையா? ஏண்டி, குளிர் ரூமை விட்டு வந்ததும் என் கோட்டுக்குப் பட்டன் போட்டுவிட்டது யாரு? ரெண்டு வருஷம், தினமும்! என் பங்குக் கோழித்தொடையையும் சேத்து வெட்டினது யாரு?... அழாத... அழாதன்னு சொல்றேன்ல... மிரட்டினாங்களா?... இல்லையா? பின்ன?... தாயினாவுக்கா?"

தாயினா ஜுசாராவின் மகள். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நெய்வாதான்.

"அந்த லெட்டருக்குப் பதிலா அவளுக்கு வேலையா... சரி... சரி... நல்லா இருக்கட்டும். ஆபீஸ்லயா?... பேசு... பெல்ட்லயா? எந்த இடம்?"

நெய்வா நீதிமன்றப் படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என் இடமா?... என் கத்தியையா அவ கையில குடுக்கறீங்க?... இல்ல, நீ கேளு. நான் மேல்முறையீடு போடறேன். விடமாட்டேன். உன்னைச் சாட்சியா கூப்பிடச் சொல்வேன். என் மூஞ்சியைப் பாத்து அதே பொய்யைச் சொல்லு... எனக்காக இல்லடி, பைத்தியக்காரி! அவளுக்குப் பத்தொன்பது வயசு. நாளைக்கு அவளும் இப்படி ஒரு கையைத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பா. அன்னிக்கு அவளுக்கு எதிரா எந்தச் சிநேகிதி கையெழுத்துப் போடுவான்னு யோசிச்சியா?... ஜுசாரா?... ஹலோ?... ஹலோ?"