பேர் எழுதிய பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ராஜா ராணி கதை இல்லை. நான் செய்த ஒரு காரியத்தின் கதை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் எதுவும் பளிச்சென்று ஆகும் என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் தொடங்குகிறது.

சின்னக்குழந்தை என் வயதுக்காரி. நலங்குப் பாட்டு நன்றாகப் பாடுவாள். பட்டணத்திலிருந்து வந்த ஒருவர் அவள் பாட்டை மட்டும் ஒரு சிடியில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் இறந்த பிறகும் கல்யாண வீடுகளில் அந்தச் சிடி பாடியது. நான் வாயைத் திறந்தால், "நீ கம்முனு இரு ஆயா, சின்னக்குழந்தை பாடுது" என்பார்கள். இறந்தவள் பாடினாள், உயிரோடு இருந்த நான் வெற்றிலை மடித்தேன்.

போன மாசியில் அவள் மகள் பூங்கோதை, தன் பெண் பூஜாவின் கல்யாணத்துக்காக, சிடியைப் பென்டிரைவில் ஏற்ற ஆலங்காயம் போனாள். துணைக்கு நானும் போனேன். ஸ்டுடியோவில் கரண்ட் இல்லை.

"திங்கக்கெழம வாங்கக்கா" என்றாள் கடைக்காரப் பெண் கலைவாணி. "வெயில்ல வெக்காதீங்க. ஓரத்தப் புடிச்சு எடுங்க. பளபளன்னு இருக்கிற பக்கம் கீறினா தேய்ச்சு சரி பண்ணிடலாம். பேர் எழுதின பக்கம் உரிஞ்சா பாட்டே போச்சு."

ஊருக்கு வந்ததும் பூங்கோதை அதை என்னிடம் கொடுத்தாள். "உன் வூட்லயே இருக்கட்டும் பெரிம்மா. என் வூட்ல இன்னா இருக்கு, புளியும் எறும்புந்தான்."

திங்கட்கிழமை காலை வாங்க வந்தவள், கையில் வாங்கிப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பெரிம்மா பண்ணிட்ட?"

"குத்துவெளக்கு மாரி பளிச்சுனு இருக்கட்டுமேன்னு தேய்ச்சேன்டி."

அவள் திட்டவில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். பாவம், கிழவிக்கு என்ன தெரியும் என்று ஊரே சொன்னது.

கல்யாணத்தில், "எங்கம்மா மாரியே பாடு பெரிம்மா" என்று கேட்டாள். பாடினேன். கடைசி அடியில் சின்னக்குழந்தை தன் பெயரை வைத்துப் பாடுவாள். அங்கே என் பெயரை வைத்தேன்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அறியாத கிழவி பளபளக்கும் பக்கத்தைத்தானே தேய்த்திருப்பாள்? அதை நான் தொடவே இல்லை. கலைவாணி சொன்னபடி ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, சின்னக்குழந்தை பேர் எழுதிய பக்கத்தைத் தேய்த்தேன். வெள்ளிப்பூச்சு செதில் செதிலாகத் தண்ணீரில் போகும்வரை தேய்த்தேன்.

பாட்டு எங்கும் போய்விடவில்லை, கண்ணுகளா. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருங்கள். கல்யாணம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.