ஸ்பீக்கர் நடுவுல உன் பேரு

ஹலோ... ஹலோ... ஜான்சண்ணா, ஹெலன் பேசுறேன். ... எந்த ஹெலனா? உன் கூடப் பொறந்தவ! ... கேக்கலியா? மெசின நிறுத்தச் சொல்லு. ... நிறுத்தச் சொல்லு மொதல்ல.

... ஆங். ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டும் வந்துச்சு. இப்பதான் ஆட்டோக்காரன் எறக்கிட்டுப் போறான். ... நல்லாருக்கு, நல்லாருக்கு. லெதர் சுத்துனது நல்லாருக்கு, மூலையில ஒரு சுருக்கம் இல்ல. அதுக்கு போன் பண்ணல. நடுவுல இன்னா பண்ணி வச்சிருக்கே?

... நடுவுல! ஸ்பீக்கர் நடுவுல!

... நான் இன்னா சொன்னேன்? ஸ்பீக்கர் கம்பெனி பேரு வெள்ளி எழுத்துல பளபளன்னு தெரியுது, பாக்கிறவன் கண்ணு அங்கயே போவுது, மெல்லிசா ஒரு லெதர ரவுண்டா வெட்டி மறைச்சிக் குடுன்னேன். ... ஆமா. ஆமாமா, மறைச்சிட்டே. மறைச்சிட்டு அது மேல 'ஜான்சன் லெதர்ஸ்'னு தங்கக் கலர்ல அச்சு அடிச்சிருக்கியே!

... பழக்கமா? ... ஓ. கடைய விட்டு எது வெளிய போனாலும் அச்சு அடிச்சிதான் அனுப்புவியா? இது இன்னா பர்ஸா, பெல்ட்டா? நாளைக்கு உன் புள்ள ஸ்கூலுக்குப் போறப்ப நெத்தியில அடிச்சி அனுப்பு!

... சிரிக்காத. நான் சிரிக்கல.

சரி, பழக்கம்னே வச்சிக்கிறேன். அப்ப அந்த வீடியோ? ... அதான், காலையில ஸ்டேட்டஸ்ல போட்டியே. 'எங்களது புதிய தயாரிப்பு'ன்னு. எதுண்ணா உன் தயாரிப்பு? பலகை அறுத்தது யாரு? நாளெல்லாம் ஷூ கம்பெனியில ஷூவுக்கு மேல்தோலு தைச்சிட்டு வந்து, சமையக்கட்டுல உக்காந்து வயருக்கு ஈயம் வச்சது யாரு? கையில சூடு பட்டுக்கினது யாரு?

... ஆங், ஆங். உன் லெதரு. உன் லெதருதான். சட்ட தைச்சிக் குடுத்தா உள்ள இருக்கிற ஆளும் உன் ஆளாயிடுவானா?

... சரி, ஆபித் பாஷா உனக்கு எதுக்கு போன் பண்ணாரு? ... மழுப்பாத. காட்பாடியில புது ஓட்டல் தெறக்கிறாரே, அவருதான். ஹால் பூரா ஸ்பீக்கர் வேணும்னு என்னாண்ட கேட்டவரு. இன்னிக்கி வந்து கேட்டுப் பாத்துட்டு ஆர்டர் குடுக்கிறேன்னவரு. உன் வீடியோவ பாத்துட்டு உன்னாண்ட பேசியிருக்காரு. நீ இன்னா சொன்னே? ... பொய் சொல்லாத, அவரே என்கிட்ட சொல்லிட்டாரு. 'தங்கச்சி சும்மா கூடமாட ஹெல்ப்பு பண்ணும்.' சொன்னியா இல்லியா?

...

ஆங். சொன்னேல்ல.

... இன்னாது? பொம்பள செஞ்சதுன்னா நம்பி வாங்க மாட்டாங்களா? என் நல்லதுக்குதானா? ... வேணாம்ணா, என் வாயில நல்லா வரும். இந்த ஆர்டர் கெடச்சா கம்பெனி வேலைய விட்டுட்டு இதையே பண்ணலாம்னு உன்கிட்டதானே சொன்னேன்? வேற யாருகிட்ட சொன்னேன்? தெரிஞ்சேதான பண்ணியிருக்கே?

... அம்மாவ எதுக்கு நடுவுல இழுக்கிறே?

... சரி, இந்த அச்சடிச்ச தோல எப்பிடி எடுக்கிறது, அத சொல்லு. நகத்தால நெம்பிப் பாத்துட்டேன், வரல. டபுள் சைடு டேப்புலதான ஒட்டச் சொன்னேன், வேணாம்னா உரிச்சிடலாம்னு? ... பின்ன எதுல ஒட்டுனே?

... அடப்பாவி. ஷூவுக்கு அடி ஒட்டுற பேஸ்ட்டா? அதுல ஒட்டுனா தோலு கிழியுமே தவிர சோல் வராதேண்ணா! ... 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னா? அடியில இருக்கிற ஸ்பீக்கர் கூம்பு பேப்பரு! செருப்பு இல்ல! ... பேஸ்ட்ட கரைக்கத் தின்னர் ஊத்துனா பேப்பரு ஊறிப் போயிடும். உரிச்சா கிழியும். ஒரு வேல ஒழுங்கா...

... இன்னா சொன்னே? ... திரும்ப சொல்லு.

உன் பேரோடவே போட்டுக் காட்டுறதா? ... 'இப்போதிக்கி'யா? ஆர்டர் உன் பேர்ல, வேல எனக்கு. மாசமானா சம்பளமா? அங்கயும் சம்பளத்துக்கு, உன்கிட்டயும் சம்பளத்துக்கா? கூடப் பொறந்தவன் பேசுற பேச்சா இது?

... இரு. கார் வருது. ... ஆமா, அவருதான். எறங்குறாரு. ... கத்தாத. ... கத்தாதன்றேன்! லைன்லயே இரு. நல்லா கேளு.

...

கேட்டுச்சா? ... ஆமா. கிழிஞ்சிடுச்சி. உன் பேரோட பேப்பரும் சேந்து வந்துடுச்சி. ... பைத்தியந்தான். இன்னொண்ணு இருக்கு, இரு.

...

ஆச்சு.

வாங்க பாய், வாங்க. செருப்பு பரவால்ல, போட்டுக்கினே வாங்க. ... இல்ல பாய், இன்னிக்கிப் பாடாது. ரெண்டும் கிழிஞ்சிடுச்சி. ... நான்தான் கிழிச்சேன். இப்பதான். ... இல்ல, நல்லாதான் இருக்கேன்.

... யாரு செஞ்சதா? பாய், செஞ்சவங்களுக்குத்தான் இத சரி பண்ணத் தெரியும். அண்ணன் லைன்லதான் இருக்காரு. எப்பிடி சரி பண்றதுன்னு நீங்களே கேளுங்க. இந்தாங்க.

...

...

இன்னா பாய்? ... கட் பண்ணிட்டாரா?

சரி, உக்காருங்க. நான் சொல்றேன்.