நின்றுபோன படங்கள்

நாற்காலி பரவாயில்லை, மாற்ற வேண்டாம். எங்கள் தொழிலில் முதுகுவலி இல்லாதவனை யாரும் நம்பமாட்டார்கள். வெறும் பலகையைப் போட்டாலும் நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவோம். டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது, ஆனாலும் குடித்துவிடுகிறேன்.

என் மைத்துனி மேல் வந்திருக்கும் புகாரை நீங்கள் விசாரிக்கிறீர்கள். நின்றுபோன ஒரு படத்துக்காக வரைந்ததை வேறொரு கம்பெனியில் காட்டிவிட்டாள் என்று புகார். காட்டலாம் என்று அவளிடம் சொன்னது யார், காட்டியதைத் தயாரிப்பாளர் காதில் போட்டது யார், இந்த இரண்டும் என் வாயிலிருந்தே உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன். எடுத்த எடுப்பில் பதிலைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நீங்கள் சட்டம் படித்துவிட்டு எங்கள் சங்கத்துக்கு வந்தவர். வரைகிற வேலை உங்களுக்குப் புதிது. அனிமேஷன் படத்தில் நிறமும் குரலும் அசைவும் வருவதற்கு முன்னால், கதையைக் கட்டம் கட்டமாக வரைகிறவர்கள் நாங்கள். அதைத்தான் போர்டு என்போம். வரைந்ததைச் சுவரில் குத்தி, கையில் ஒரு குச்சியோடு இயக்குநர் முன்னால் நடித்தும் காட்டுவோம். கரடியாக உறுமுவோம், குழந்தையாக அழுவோம். பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடி வரைவோம். படம் முடிந்தால் எங்கள் வேலையும் முடிந்தது. அடுத்த படத்துக்கு அடுத்த கதவைத் தட்ட வேண்டும். அங்கே இரண்டு கேள்வி கேட்பார்கள். இதுவரை வரைந்ததைக் காட்டுங்கள் என்பார்கள். உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்பார்கள்.

முதல் கேள்வியில்தான் சிக்கல். படம் வெளிவரும்வரை அதற்காக வரைந்த ஒரு கோட்டைக்கூட வெளியே காட்டமாட்டேன் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்போம். படம் வந்துவிட்டால் கவலையில்லை. வராமலே நின்றுபோனால், வரைந்ததெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும். சம்பளம் வந்திருக்கும், அதில் குறையில்லை. ஆனால் வெளியாட்களைப் பொறுத்தவரை அந்த வருஷம் முழுக்க நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்றுதான் கணக்கு.

அவள் என் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் குட்டி. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். அவளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் அவளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் வேலை செய்த கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதோடு சரி. மற்றவர்கள் வரைந்ததில் திருத்தம் போடுகிற கடைநிலை வேலை. அதிலிருந்து தனிக் காட்சி கிடைக்கும். காட்சிகள் நன்றாக வந்தால் என்றாவது ஒரு நாள் கதைப்பிரிவுக்கே தலைமை கிடைக்கும். எனக்கு அந்தத் தலைமை வாய்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரு யானை ரயிலைத் தவறவிடுகிற காட்சி. மெனக்கெட்டு வரைந்திருந்தேன். யானை ஓடுகிறது, மூட்டை அவிழ்கிறது, குடை பறக்கிறது, பிளாட்பாரத்தில் ஆளாளுக்கு உருளுகிறார்கள். மூச்சு வாங்க வாங்க நடித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது குட்டி எழுந்து வந்து, "மாமா, ஒண்ணு பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். நடுவிலிருந்த கட்டங்களையெல்லாம் கழற்றினாள். ரயில் போய்விட்ட வெறும் பிளாட்பாரத்தில் யானை தன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அந்த ஒரே ஒரு படத்தை நின்ற இடத்திலேயே வரைந்து குத்தினாள். இயக்குநர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளா இவங்கள எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் மாமா போட்டதுதான் சார். நான் கொஞ்சம் எடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள் குட்டி.

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். திமிராக ஏதாவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறந்திருப்பேன். அன்று எனக்கு வலித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் பொறாமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொறாமைப்படுகிறவன் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போடமாட்டான்.

அந்த யானைப் படம் பாதியில் நின்றது. அதில் என் கை எதுவும் இல்லை, முதல் போட்டவர் பின்வாங்கிவிட்டார். குட்டி சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். "அந்த சீனை இனிமே யாருமே பார்க்கமாட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். "இதெல்லாம் சகஜம்மா, அடுத்ததைப் பாரு" என்று தேற்றினேன். தேற்றிக்கொண்டிருக்கும்போதே மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

எந்தப் படம் நின்றுபோகும் என்பது எனக்கு வாசலிலேயே தெரியும். அவசரத்துக்குக் கூப்பிடுகிற ஆள் நான், இந்தத் துறையில் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கதாநாயகனை ஆளுயரத்துக்குப் பொம்மையாகச் செய்து வரவேற்பறையில் நிறுத்தியிருப்பார்கள். இயக்குநர் மட்டும் புதிதாக மாறியிருப்பார். முதல் காட்சியை மாற்றி மாற்றி வரையச் சொல்வார்கள், கடைசிக் காட்சியை யாரிடமும் தரமாட்டார்கள், ஏனென்றால் கதை எப்படி முடிகிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில்தான் ஆள் மேல் ஆள் எடுப்பார்கள். எனக்கும் போன் வரும். "எனக்குக் கை நிறைய வேலை இருக்கு, என் மச்சினிய அனுப்பறேன்" என்பேன். குட்டிக்குச் சந்தோஷம் தாங்காது.

ஒரு படம், இரண்டு படம் என்று இல்லை. ஆறேழு வருஷம் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொன்றிலும் உயிரைக் கொடுத்து வரைந்தாள், ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. என் மனைவி தங்கையின் ராசியை நொந்துகொண்டாள். குட்டி ஒரு நாளும் யாரையும் குறை சொன்னதில்லை. வேலை போனதும் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மாமா, அடுத்து எங்க போகலாம்?" என்று என்னைத்தான் கேட்பாள். நானும் யோசித்துத்தான் சொல்வேன்.

நடுவில் நல்ல இடங்களிலிருந்தும் விசாரிக்காமல் இல்லை. அவளோடு வேலை செய்தவர்கள் பேரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் விசாரிக்கிறவர்கள் எப்படியும் என்னிடம்தான் வருவார்கள், வீட்டு ஆள் ஆயிற்றே. தேதி குறித்து வெளிவரப்போகிற ஒரு படத்தின் இயக்குநர் ஒரு முறை கூப்பிட்டார்.

"ஆளு எப்படி சார்?"

"தங்கமான பொண்ணு. கை கொஞ்சம் மெதுவு. திருத்தம் சொன்னா மனசு விட்டுடுவா, நீங்கதான் பார்த்துப் பக்குவமா சொல்லணும்."

"அய்யோ, எங்களுக்கு அவ்வளவு டைம் இல்லையே சார்" என்றார். வேறு ஆளை எடுத்துக்கொண்டார். நான் அவளைப் பற்றி மோசமாக என்ன சொல்லிவிட்டேன், நீங்களே சொல்லுங்கள். அந்தப் படம் நன்றாக ஓடியது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம், டிக்கெட் நான்தான் எடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்திருக்கிறேன். இந்தத் துறையில் சீக்கிரம் மேலே போனவர்கள் எல்லோரும் தலைக்கனம் பிடித்துக் கெட்டுப்போனவர்கள். குட்டி அப்படி ஆகவில்லை. மேலே போயிருந்தால் தனி வீடு பார்த்திருப்பாள். என் மனைவிக்குத் தங்கையை விட்டால் வேறு உறவு கிடையாது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு எங்களுடையது. அதை நான் காப்பாற்றினேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு, புகாரில் வருகிற அந்தப் பெரிய கம்பெனி கதைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க ஆள் தேடியது. இந்த முறை என்னைக் கேட்காமல் நேரே அவளையே கூப்பிட்டுவிட்டார்கள். யானைப் படத்து இயக்குநர் இப்போது அங்கே இருக்கிறார், அவர் அவளை மறக்கவில்லை. கம்பெனி முதலாளிகளுக்குக் காட்ட வேண்டும், வரைந்ததைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். குட்டி மாடியறையை அலசியிருக்கிறாள். கல்லூரியில் வரைந்த பூனைகளையும் சைக்கிள்களையும் தவிர வெளியே காட்டக்கூடியது ஒன்றுமில்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசில் அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா.

"மாமா, போன வருஷம் நின்னுபோச்சே, அந்த கப்பல் படம், அதுலேருந்து நாலே நாலு காட்டலாமா? அந்த புரொட்யூசர் உங்களுக்குப் பழக்கம்தானே, கேட்டுப் பார்க்கறீங்களா?" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையாட்டினேன், கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை சிரிக்கவும் செய்தேன். உள்ளே வந்து, "காட்டிக்கோ, அவர் சரின்னுட்டார்" என்றேன். எங்கள் ஆட்கள் வாய்ச்சொல்லை நம்புகிறவர்கள். வேலை கிடைப்பதும் போவதும் போனில் ஒருவர் சொல்கிற சொல்லில்தான் என்பதால், எழுதி வாங்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. அவளுக்கும் தோன்றவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் காட்டிவிட்டு வந்தாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம், வேலை ஏறக்குறைய முடிவானது போலத்தானாம். வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள். மறுநாள் கப்பல் படத் தயாரிப்பாளரை உண்மையாகவே கூப்பிட்டேன். "உங்க படத்தோட போர்டெல்லாம் வெளியில சுத்துதாமே, கவனிச்சீங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். மீதியை அவர் பார்த்துக்கொண்டார். கூப்பிட்டது நான் என்று அவர் உங்களிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். சபையில் வந்து சொல்லமாட்டார், அடுத்த படத்துக்கு அவருக்கு நான் வேண்டும்.

ஆக, காட்டலாம் என்றதும் நான், காட்டிக்கொடுத்ததும் நான். குட்டி உங்களிடம் என் பேரையே எடுக்கவில்லை என்று சொன்னீர்கள். எடுக்கமாட்டாள். தயாரிப்பாளர் மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிவிட்டார், இதில் மாமாவை இழுத்தால் மாமாவின் பிழைப்பும் கெடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

நாளைக்குச் சங்கத்தின் விசாரணைக் குழு கூடுகிறது. சங்கத்திலிருந்து பேரை அடித்துவிட்டால் ஒரு கம்பெனியும் அவளை உள்ளே விடாது, அது எனக்கும் தெரியும். குழு முன்னால் வந்து இதையே சொல்லச் சொல்கிறீர்கள். மாட்டேன். நீங்கள் எதையும் பதிவு செய்யவில்லை என்று உள்ளே வந்ததுமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்களாகச் சொன்னாலும் பலன் இருக்காது. "மாமாவா? மாமா அப்படிப்பட்டவரே இல்ல மேடம்" என்று முதலில் எழுந்து நிற்பவள் குட்டியாகத்தான் இருப்பாள்.

அவள் இந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் வண்டியில் கூட்டி வந்தேன், தனியாக வரப் பயமாக இருக்கிறது என்றாள். நான் உள்ளே வரும்போது, "மாமா, எனக்காக ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க" என்றாள். சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், இவ்வளவு நேரத்தில் அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

அவளை உள்ளே கூப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே ரொம்ப ஒடிந்துபோயிருக்கிறாள். இந்தத் தொழிலில் என்னை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.